மேக மன்றத்தில் ஆறு பேர்

ஜூன் 19

அன்பு அக்காவுக்கு,

பொடிசு எழுதுவது. நான் நலம், அம்மா நலம், அப்பா நலம். அப்பாவின் முதுகு மட்டும் வீடு மாறியதிலிருந்து நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். போன தடவை நாலு பக்கம் எழுதிவிட்டு உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் முடித்தாய். அம்மா என்னைத்தான் பிடுங்கி எடுத்தாள்.

புதுப் பள்ளிக்கூடம் ரொம்பப் பெரிசு. மூன்று மாடி, மாடிக்கு மாடி ஒரே மாதிரி பச்சைக் கதவுகள். முதல் இரண்டு நாளும் பதினொன்றாம் வகுப்பு என்று நினைத்து வேதியியல் கூடத்துக்குள் போய் அசடு வழிய நின்றேன். இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. எல்லாரும் ஒரு மன்றத்திலாவது இருந்தே ஆக வேண்டும். இஷ்டப்பட்டால் இரண்டில் இருக்கலாம். பேச்சு மன்றத்தில் இடம் முடிந்துவிட்டது. சதுரங்கத்தில் எல்லாரும் ஜோடி சேர்ந்தாயிற்று. நாடக மன்றத்தில் மரமாக நிற்க ஒரு இடம் இருந்தது. எதிலும் சேராதவர்களை விசில் மாஸ்டர் தடகளக் குழுவில் போட்டுவிடுவார். அவர்தான் விளையாட்டு ஆசிரியர், எல்லா மன்றத்துக்கும் அவர்தான் பொறுப்பு. விசிலைக் கழற்றிவிட்டுக் குளிப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். நான் ஓடினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அதனால் நானே ஒரு மன்றம் ஆரம்பித்துவிட்டேன். மேக மன்றம்! ஆறு பேர் பெயரும் கையெழுத்தும் இருந்தால் போதும், அனுமதி உண்டு. மொட்டைமாடிச் சாவியும் உண்டு. ஆறு பேர் யார் யார் என்றால்: ஒட்டகம் (உயரம், கழுத்தை நீட்டி நடப்பாள்), கடிகாரம் (நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைத் திருப்பி மணி பார்ப்பான்), தும்மல், ரெட்டைப் பின்னல், எப்போதும் ஜன்னலோரமே உட்காரும் ஜன்னல், அப்புறம் நான்.

தினமும் பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு மாடியில் கூடுகிறோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் கால் உடைந்த இரண்டு பெஞ்சு இருக்கிறது. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மேகம் என்று நோட்டில் எழுதி, படம் வரைய வேண்டும். ஒரே ஒரு விதி: மேகத்தைப் பார்த்து யானை, குதிரை என்று யாரும் சொல்லக்கூடாது. மேகம் மேகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று எட்டில் மூன்று. காற்று மேற்கிலிருந்து.

அப்பாவின் முதுகு உட்பட எல்லாருடைய விசாரிப்பும் இதோடு வருகிறது.

உன் பொடிசு

*

ஜூலை 2

பொடிசுக்கு,

உடம்பு நலம். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், அம்மாவிடம் காட்டு. அப்பாவைக் குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல். ஆயிரம் முதுகெலும்புகளை எக்ஸ்ரே எடுத்தவள் சொல்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் வேலை செய்யும் இடத்துக்கு மேகம் வராது. ஆஸ்பத்திரியில் தரைக்கு அடியில் இரண்டாவது தளம், ஜன்னலே கிடையாது. காலையில் லிஃப்டில் இறங்கினால் வேலை முடிந்துதான் ஏறுவேன். படம் கழுவும் அறையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், கழுவிய படங்கள் கிளிப்பில் சொட்டச் சொட்டத் தொங்கும். அப்புறம் வெள்ளை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்ப்போம். நெஞ்சுப் படங்களில் நிறைய மேகம் உண்டு. ஆனால் அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

நான் தனியாகக் கிடக்கிறேன் என்று அம்மா அங்கலாய்க்க வேண்டாம். மதியம் எட்டுப் பேர் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். லிஃப்ட் ஓட்டும் அம்மா, துணி வெளுக்கும் பிரிவு ஆட்கள், மருந்துக்கடைப் பெண் என்று ஒரே அமர்க்களம். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும்.

உன் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. யானை, குதிரை என்று சொன்னவர்களுக்கு என்ன தண்டனை?

ஒட்டகம், கடிகாரம், தும்மல், ரெட்டைப் பின்னல், ஜன்னல் எல்லாருக்கும் என் அன்பு. தும்மலை ஆவி பிடிக்கச் சொல்.

அக்கா

*

ஜூலை 24

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அப்பா இப்போது தூக்குவதில்லை. எங்களைத் தூக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார்.

தண்டனை என்னவென்றால், யானை என்று சொன்னவர் மறுநாள் வானம் பார்க்கக்கூடாது. முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். இதுவரை தும்மல் மட்டும் ஒரு தடவை மாட்டிக்கொண்டான். "ஆமை மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

மாடி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது அக்கா. மதியம் கீழே எல்லா மன்றமும் சத்தம் போடும். பாண்டுக் குழு ஒரே நாலு சுரத்தைத் திருப்பித் திருப்பி ஊதும், பேச்சு மன்றத்தில் யாரோ மேசையைத் தட்டுவார்கள், நாடகத்தில் ஒருத்தி தினமும் அதே இடத்தில் அழுவாள். மூன்று மாடி ஏறி வருவதற்குள் எல்லாம் கரைந்து ஒரே முனகலாகிவிடும். நேற்று வானம் எட்டில் எட்டு. வெயிலே இல்லாத வெளிச்சத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக்கூட நிழல் விழவில்லை. கொஞ்ச நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்றே மறந்துபோனேன். பழைய வீட்டில் நாம் இரண்டு பேரும் கட்டிலைக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்போமே, அது மாதிரி.

ரெட்டைப் பின்னலுக்கு வகிடு நேராகவே வராது, பின்னந்தலையில் ஆறு மாதிரி வளையும். ஒட்டகம் மைதானத்தைக் கடக்கும்போது அவள் நிழல் அவளைவிடச் சின்னதாக இருக்கும். கடிகாரம் நடக்கும்போதுகூட கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

அக்டோபரில் விசில் மாஸ்டர் ஒவ்வொரு மன்றத்துக்கும் வந்து தலையை எண்ணுவாராம். ஆறு தலை இல்லாவிட்டால் மன்றம் கலைந்துவிடும், ஆட்கள் தடகளத்துக்கு. எண்ணினால் எண்ணிவிட்டுப் போகட்டும், எங்களுக்கென்ன!

அங்கே மதியம் சாப்பாட்டில் என்ன அமர்க்களம் என்று எழுது. உன் எட்டுப் பேரையும் கேட்டதாகச் சொல்.

பொடிசு

*

ஆகஸ்ட் 5

பொடிசுக்கு,

உடம்பு நலம். கண் கொஞ்சம் எரிகிறது, அது இந்த வேலையில் சகஜம்.

உன் கடிதத்தை இங்கே சிவப்பு விளக்கில் ஒரு தடவை, வெள்ளை விளக்கில் ஒரு தடவை படித்தேன். ஒரு சந்தேகம். ரெட்டைப் பின்னலின் வகிடு எப்படி வளைகிறது என்று எழுதுகிறாய். அவள் கண் எப்படி, குரல் எப்படி என்று எழுதுவதில்லை. உன் மன்றத்தார் எல்லாரையும் உச்சந்தலையிலிருந்துதான் பார்ப்பாயா? மாடியில் இருந்து இருந்து நீயும் ஒரு மேகமாகிவிட்டாய் போலிருக்கிறது.

எனக்கு ஒரு ஆசை. ஒரே நாள், ஒரே மேகத்தை ஆறு பேரும் தனித்தனியாக வரைந்து அனுப்புங்கள். என் அறையில் கட்டிலுக்கு எதிரே வெறும் சுவர் இருக்கிறது. அதில் ஒட்டி வைத்தால் எனக்கும் ஒரு ஜன்னல் ஆகும்.

எங்கள் சாப்பாட்டு அமர்க்களத்துக்கு ஒரு குறைவும் இல்லை. மன்றத்தார் அனைவருக்கும் என் விசாரிப்பு.

அக்கா

*

ஆகஸ்ட் 28

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலம். கண்ணுக்குக் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து வைக்கச் சொன்னாள் அம்மா.

தாமதத்துக்குத் திட்டாதே. ஆறு பேரையும் ஒரே நாளில் வரைய வைப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? இதோ ஆறு படமும் இருக்கிறது. நேற்றைய மேகம், எட்டில் இரண்டு. ஒட்டகம் பெரிதாக வரைந்திருக்கிறாள், கடிகாரம் ஓரத்தில் மணியும் போட்டிருக்கிறான். ரெட்டைப் பின்னலின் படம்தான் எல்லாவற்றிலும் அழகு. கிடைத்ததும் எழுது.

பொடிசு

*

செப்டம்பர் 30

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் நலம்தான் தெரியவில்லை. ஒரு மாதமாகத் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டித் தாண்டிப் போகிறார். அம்மா பாத்திரத்தை ஓங்கி ஓங்கி வைக்கிறாள்.

படங்கள் வந்து சேர்ந்ததா? பிடிக்கவில்லையா?

எண்ணிக்கை அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ரெட்டைப் பின்னல் சொன்னாள், மழைக்காலத்து மேகம் மெதுவாகத்தான் கலையுமாம்.

ஒரு வரியாவது எழுது அக்கா.

பொடிசு

*

அக்டோபர் 4

பொடிசுக்கு,

உடம்பு நலம். இதை அம்மாவிடம் உடனே சொல். மீதியை அம்மாவிடம் காட்டாதே.

உன் படங்கள் உடனே வந்துவிட்டன. சுவரில் ஒட்டிவிட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

என் வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. ஒவ்வொரு எக்ஸ்ரே படத்திலும் இது இடப்பக்கம், இது வலப்பக்கம் என்று காட்ட ஒரு சின்ன ஈய எழுத்தை வைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் நான் அதை வைக்க மறந்து, படத்தையும் திருப்பி மாட்டிவிட்டேன். டாக்டர் அந்த மனிதரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு முறிவைத் தேடினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் இடம் வலம்தான் பார்க்கும்.

வலக்கைக்காரர்கள் நிழலுக்குச் சாய்கோடு போட்டால் கோட்டின் அடிமுனை இடப்பக்கம் வரும். இடக்கைக்காரர்களுக்கு அப்படியே எதிர். நம் வீட்டில் இடக்கைக்காரி நீ ஒருத்திதான். உன் ஆறு படங்களிலும் எல்லாக் கோட்டின் அடிமுனையும் வலப்பக்கம் இருக்கிறது. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். நான் கேட்கவும் இல்லை.

நான்தான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எட்டுப் பேர் சாப்பாடு என்று எழுதினேனே, அது பொய். நான் படம் கழுவும் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தனியாகத்தான் சாப்பிடுகிறேன். இரண்டு வருஷமாக. துணி வெளுக்கும் பிரிவில் எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் சிரிக்கிற சத்தம் குழாய் வழியாகக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் உனக்கு எழுதினேன். லிஃப்ட்காரம்மாவிடம் நான் இதுவரை பேசியது, "ரெண்டாவது கீழ்த்தளம்" என்ற இரண்டு வார்த்தைதான். நீயும் அம்மாவும் கவலைப்படக்கூடாது என்றுதான் எழுதினேன் என்று சொல்லலாம். ஆனால் அது மட்டும் இல்லை. எழுதும்போது எனக்கே கொஞ்சம் நிஜம் மாதிரி இருந்தது.

உன் மன்றத்தில் என்னை ஏழாவது ஆளாகச் சேர்த்துக்கொள். பன்னிரண்டு நாற்பதுக்கு நானும் எங்கள் மொட்டைமாடிக்குப் போகிறேன்.

உனக்கு என் அன்பு. உனக்கு மட்டும்.

அக்கா

*

அக்டோபர் 11

அக்கா,

உன் கடிதத்தைத் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. வானம் எத்தனை பங்கு என்று பார்க்கவே இல்லை.

ஆமாம். நான் மட்டும்தான்.

அவர்கள் எல்லாரும் என் வகுப்பில் இருக்கிற நிஜ ஆட்கள் அக்கா. பட்டப்பெயர் மட்டும் நான் வைத்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது கேட்டுக் கேட்டுப் பெயர்கள் மனப்பாடமாகிவிட்டன. ஆனால் ஒருத்தரிடமும் நான் பேசியதில்லை. முதல் வாரம் பேசலாம் என்று போனேன். எல்லாரும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து படித்தவர்கள், பாதி வாக்கியத்திலேயே சிரிக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவது மாதிரி போய்விட்டேன். படிவத்தில் ஐந்து பேர் கையெழுத்தையும் நானே போட்டேன். ஒரே கையில் எழுதியது தெரியக்கூடாதென்று வலது கையால் போட்டேன். படம் வரையத்தான் வலது கைக்குத் துப்பில்லை.

மாடியிலிருந்து பார்த்தால் அவர்கள் மைதானத்தில் போவது தெரியும். அதைப் பார்த்து யார் என்ன பேசுவார்கள் என்று நானே யோசித்து நோட்டில் எழுதுவேன். யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நாலு மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். கொஞ்ச நாளில் எனக்குச் சிரிப்புகூட வர ஆரம்பித்தது. ரெட்டைப் பின்னல் ஆகஸ்டிலேயே வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அவள் பெயரை எடுத்தால் ஐந்தாகிவிடும் என்பதற்காக மட்டும் அல்ல, அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதனால் தினமும் வந்ததாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ வேலைக்குப் போனதிலிருந்து எனக்குப் பேச ஆளே இல்லை அக்கா. இதை உனக்கு எழுதினால் நீ அழுவாய் என்று தெரியும். அதனால்தான் மன்றம், மாடி என்று எழுதினேன்.

வியாழக்கிழமை விசில் மாஸ்டர் வருவார். ஒரு தலைதான் இருக்கும். என்ன செய்வதென்று தெரியவில்லை. மாடிச் சாவி போய்விடும் என்பதுதான் பெரிய கவலை.

உன் கண் எப்படி இருக்கிறது?

பொடிசு

*

அக்டோபர் 15

பொடிசுக்கு,

கண் பரவாயில்லை. அழுதேன், அதனால் எரிச்சல் போய்விட்டது.

இது உனக்கு வியாழனுக்குள் கிடைக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன். உனக்கு யோசனை சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கு வயிற்றுவலி என்று படுத்திருப்பேன்.

ஒரே ஒரு சேதி. நேற்று லிஃப்ட்காரம்மாவிடம், "மொட்டைமாடிக்குப் போகணும்"னு சொன்னேன். "அங்க எதுக்கும்மா?" என்றார். "மேகம் பார்க்க"ன்னு சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா எல்லாரையும் மேல ஏத்தி விடறேன், நானே ஒரு நாளும் வெளிய வந்து பார்த்ததில்லையே"ன்னு சொல்லி, கூடவே வந்துவிட்டார். ஐந்து நிமிஷம் நின்றோம். எட்டில் ஆறு. அவர் வரைந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கரண்டி மாதிரி இருக்கிறது என்று சொல்லாதே, அப்புறம் முதுகைத் திருப்பி உட்கார வேண்டியிருக்கும்.

நடந்தது எதுவானாலும் எழுது. நல்லபடியாக நடக்காவிட்டாலும் எழுது.

அக்கா

*

நவம்பர் 2

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அப்பாவின் முதுகும் நலம், இதை எழுதி அனுப்பச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையிலேயே முடிவு செய்துவிட்டேன், மாஸ்டர் கேட்பதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவதென்று. ஆனால் மூச்சிரைக்க மாடிக்கு வந்து நின்றதும் அவரே முந்திக்கொண்டார். "மத்தவங்க எங்க?" என்றார். நான் நோட்டை நீட்டினேன். அவர் வெயிலில் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு ஆகஸ்ட்லயே பள்ளிக்கூடம் மாறிப் போயிடுச்சே. செப்டம்பர் பன்னெண்டாம் தேதி இங்க உக்காந்து மேகம் பார்த்திருக்கு?"

"நான் மட்டும்தான் சார்."

"எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்து சார். கையெழுத்தும் நான்தான் போட்டேன்."

அவர் விசிலைப் பிடித்துக்கொண்டார், ஊதப் போகிறார் என்று பயந்தேன். ஊதவில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"எட்டில் அஞ்சுன்னா என்னது?"

"வானத்தை எட்டாப் பிரிச்சா அதுல அஞ்சு பங்கு மேகம் சார்."

தலையை அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். "நாலரைதான் இருக்கும்" என்றார். அப்புறம் சொன்னார்: "அடுத்த வியாழன் வரைக்கும் டைம் தர்றேன். நீ பேர் போட்ட ஒவ்வொருத்தர்கிட்டயும் நீயே போய் என்ன செஞ்சேன்னு சொல்லு. வர்றவங்க வரட்டும். வந்த தலையை எண்ணுவேன்."

அக்கா, அதற்குப் பதில் நூறு சுற்று ஓடச் சொல்லியிருக்கலாம்.

முதலில் ஒட்டகத்திடம் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாலு மாசமா நான் மேகம் பார்த்தேனா? என்ன சொன்னேன்? காட்டு" என்று நோட்டைப் பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "சீ, நான் இப்படியெல்லாம் பேசவே மாட்டேன்" என்று பென்சிலால் இரண்டு இடத்தில் திருத்தினாள். கடிகாரம், "எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டான். தும்மல் தன்னுடைய கையெழுத்தைப் போட்டுக் காட்டி, நான் போட்டது எவ்வளவு மோசம் என்று விளக்கினான், நடுவில் நாலு தும்மல்.

ஜன்னல் மன்னிக்கவில்லை. "என் பேரைத் தொட நீ யாரு? என்னைப் பத்தி என்ன வேணா எழுதுவியா?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். நான் கை கழுவும் இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அப்புறம் திரும்பி வந்து நோட்டில் அவள் பெயர் வந்த இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். ரெட்டைப் பின்னலின் பெயரை ஆகஸ்டுக்கு அப்புறம் வந்த எல்லாப் பக்கத்திலும் அடித்தேன். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டு முப்பத்தொன்பதுக்கே கடிகாரம் வந்துவிட்டான். ஒட்டகமும் தும்மலும் வந்தார்கள். மாஸ்டர் எண்ணினார். "நாலு. சட்டம் ஆறு" என்று பதிவேட்டில் மேக மன்றம் என்பதன் மேல் கோடு கிழித்தார். கிழித்துவிட்டுப் பக்கத்திலேயே வேறு ஏதோ எழுதினார். தடகளக் குழு, மேகக் கிளை. டிசம்பரில் விளையாட்டு விழாவாம், அன்றைக்கு மழை வருமா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமாம். சும்மா இல்லை, வியாழக்கிழமைதோறும் ஓடுகிறவர்கள் தாண்டுகிற தடைச் சட்டங்களை நாங்கள் மைதானத்தில் தூக்கி வைக்க வேண்டும், ஒரு சுற்று ஓடவும் வேண்டும். நான் ஓடினேன். தும்மல் எனக்கும் பின்னால் வந்தான்!

சாவி இப்போது மாஸ்டரிடம். தினமும் அவரே வந்து திறந்துவிட்டு, நான் எட்டில் மூன்று என்றால் இரண்டரை என்கிறார்.

மாடியில் இப்போது அவ்வளவு அமைதி இல்லை அக்கா. ஒட்டகத்தின் குரல் நான் நினைத்ததைவிடக் கட்டை. நான் எழுதி வைத்தது எதுவுமே சரியில்லை.

நீ கேட்டது ஆறு படம். நாலுதான் இருக்கிறது. நேற்றைய மேகம், நாலு பேரும் வரைந்தது. தும்மலுக்கு இரண்டு நாளாகச் சளி கட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அவன் படத்தில் ஓரம் ஈரம்.

லிஃப்ட்காரம்மாவின் படத்தை எல்லாருக்கும் காட்டினேன். கடிகாரம் கரண்டி என்று சொல்லிவிட்டான். திங்கட்கிழமை அவன் முதுகைத் திருப்பி உட்காருவான்.

உன் பொடிசு

*

நவம்பர் 13

பொடிசுக்கு,

உடம்பு நலம், கண் நலம், மனசும் நலம்.

உன் படங்களைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். மதியம் ஆள் இல்லாத நேரம் பார்த்து நாலையும் வெள்ளை விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டி, விளக்கைப் போட்டேன். அந்தப் பெட்டியில் நான் முதல் தடவையாக நல்ல மேகம் பார்த்தேன். ஒட்டகத்தின் கோடுகள் நீளம், அடிமுனை இடப்பக்கம். கடிகாரம் சாய்க்கவே இல்லை, குச்சி குச்சியாக நேரே நிறுத்தியிருக்கிறான். தும்மல் கோடே போடாமல் விரலால் தேய்த்துவிட்டிருக்கிறான், கட்டைவிரல் ரேகைகூடத் தெரிகிறது. ஒரே ஒரு படத்தில்தான் அடிமுனை வலப்பக்கம் வருகிறது. அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேருக்கு எலும்பு கூடிவிட்டதா என்று பார்ப்பவள் நான். உன் நாலு காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பழைய ஆறு படங்களையும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் இந்த நாலையும் ஒட்டியிருக்கிறேன்.

லிஃப்ட்காரம்மா இப்போது பன்னிரண்டு முப்பத்தைந்துக்கே கீழ்த்தளத்தில் வந்து லிஃப்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார். மாடிச் சுவரில் டப்பாவை வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிடுகிறோம். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை, நான் வானம் பார்க்க விட்டால்தானே! சிரித்ததில் நேற்று எனக்கு நிஜமாகவே புரையேறியது. இதை அம்மாவிடம் காட்டலாம்.

அங்கே நாலு பேர், இங்கே இரண்டு பேர். கூட்டிப் பார்த்துக்கொள். மாஸ்டரிடம் மட்டும் சொல்லிவிடாதே, ஐந்தரை என்பார்.

ஒட்டகத்துக்கும் கடிகாரத்துக்கும் என் அன்பு. ஜன்னலுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தும்மலுக்குச் சளி விட்டதா? அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது.

அக்கா